வீடு வட கரோலினாவில், குடித்தனம் நியூ ஜெர்சியில்: வரி யாருக்கு?

எடிசனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் வேலை செய்யும் நிறுவனமும் வெளியே தெரிய வேண்டாம் என்றதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2020-ல் வட கரோலினாவில் கேரி ஊரில் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கி அதிலேயே குடியிருந்திருக்கிறார்கள். கணவருக்கு நியூ ஜெர்சியில் புது வேலை கிடைத்தது. 2025 ஜூன் கடைசியில், மகளுக்குப் பள்ளி முடிந்த கையோடு மூவரும் எடிசனில் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு வந்துவிட்டார்கள். மாத வாடகை 2,900 டாலர். கேரி வீட்டை விற்க மனம் வரவில்லை. ஆகஸ்டிலிருந்து ஒரு குடும்பத்துக்கு 2,300 டாலருக்கு விட்டிருக்கிறார்கள். வாசகியின் வேலை ராலேயில் உள்ள ஒரு கம்பெனியில். முன்பும் வீட்டிலிருந்தே வேலை, இப்போதும் அப்படித்தான். ஊர் மாறியதை மேனேஜரிடம் சொன்னார், எச்.ஆரிடம் சொல்லவில்லை. அதனால் டிசம்பர் வரை அவர் சம்பளத்தில் வட கரோலினா வரியே பிடிக்கப்பட்டிருக்கிறது. வருடச் சம்பளம் கணவருக்கு ஒரு லட்சம் டாலர், இவருக்கு 80,000 டாலர்.

இனி ஆலோசனைகள். கணவரின் நண்பர்: “சொந்த வீடு அங்கேதானே? நீங்கள் வட கரோலினாவாசிகள்தான். அங்கே வரி கம்மி, எல்லாவற்றையும் அங்கேயே ஃபைல் பண்ணுங்கள்.” டல்லாஸில் இருக்கும் வாசகியின் அண்ணன்: “நானும் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஸ்டேட் ரிட்டர்ன் என்று ஒன்று நான் போட்டதே இல்லை. வாடகையில் நஷ்டம் என்றால் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.” வாசகியின் சொந்தக் கணக்கு: “என் சம்பளத்துக்கு வட கரோலினா வரி கட்டியாகிவிட்டது. நியூ ஜெர்சி கேட்டால் அதற்கு கிரெடிட் கொடுத்துவிடுவார்கள்தானே?” கடைசியில் ஒரு வரி: தாம்பரத்தில் கணவர் பெயரில் ஒரு ஃபிளாட் இருக்கிறது, அந்த வாடகையையும் காட்ட வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணனிலிருந்து தொடங்குகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் இருப்பதும் டெக்சாஸ், வீடு இருப்பதும் டெக்சாஸ். அந்த மாநிலத்தில் தனிநபர் வருமான வரியே கிடையாது. ஃபெடரல் ரிட்டர்னோடு அவர் வேலை முடிந்தது. அதே டெக்சாஸ் வீட்டை வைத்துக்கொண்டு அவர் எடிசனுக்குக் குடிவந்தால், டல்லாஸ் வாடகையின் லாபத்துக்கு நியூ ஜெர்சி முழு வரி கேட்கும். டெக்சாஸில் வரி கட்டாததால் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. அவருடைய அனுபவம் அவர் ஊருக்கு மட்டும்தான் பொருந்தும்.

நீங்கள் கேட்ட எல்லாவற்றிலும் “வீடு எங்கே இருக்கிறது” என்பதே முதல் கேள்வியாக நிற்கிறது. வரிச் சட்டம் அதை முதலில் கேட்பதில்லை. நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள், வேலையை எங்கே உட்கார்ந்து செய்கிறீர்கள் என்று கேட்கும். வீடு இருக்கும் இடம் அந்த வீட்டின் வாடகைக்கும், நாளை விற்றால் வரும் லாபத்துக்கும் மட்டும்தான் கணக்கு.

நீங்கள் எந்த மாநிலத்துக்காரர்?

வட கரோலினா சட்டத்தில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. அங்கே குடியிருந்த ஒருவர் வெளியேறினால், வேறு இடத்தில் திட்டமாக நிரந்தர இருப்பிடம் அமைத்துக்கொண்டு, பழைய இருப்பிடத்தையும் கைவிடும் வரை அவர் வட கரோலினாவாசிதான். இரண்டும் நடந்திருக்க வேண்டும். 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தேன் என்று சொல்வது மட்டும் போதாது. சட்டமே அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் இரண்டுமே நடந்திருப்பதாகத்தான் நான் பார்க்கிறேன். குடும்பம் மொத்தமாக வந்துவிட்டது, மகள் எடிசனில் படிக்கிறாள், கணவரின் வேலை இங்கே, கேரி வீட்டில் இன்னொரு குடும்பம் ஒப்பந்தம் போட்டுக் குடியிருக்கிறது. நாளைக்கே நீங்கள் போய் அங்கே படுத்துத் தூங்க முடியாது. வீட்டைச் சாமான்களோடு பூட்டி வைத்துவிட்டு மாதம் ஒருமுறை போய்வந்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாக எழுதமாட்டேன். ஆகவே 2025-ல் ஜூன் வரை நீங்கள் வட கரோலினாவாசிகள், ஜூலையிலிருந்து நியூ ஜெர்சிவாசிகள். “என்றாவது திரும்பிப் போவோம்” என்ற எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எண்ணத்துக்கு வரி இல்லை. ஆனால் அந்த எண்ணத்துக்குச் சாட்சியாகக் காகிதங்கள் இருந்தால் சிக்கல்.

அப்படிச் சில காகிதங்கள் உங்களிடம் இருக்கின்றன. இருவருடைய டிரைவிங் லைசென்ஸும் இன்னும் வட கரோலினாவுடையது. கார் நம்பர் பிளேட்டும் அப்படியே. அங்கே பிளேட்டைப் புதுப்பிக்கும்போது காருக்கான சொத்து வரியையும் கவுண்டிக்குச் சேர்த்துக் கட்டுவீர்கள். கேரி முகவரியைப் போட்டு அதைக் கட்டுவது “நான் இன்னும் இங்கேதான்” என்று நீங்களே எழுதிக்கொடுப்பது போல. நியூ ஜெர்சிக்குக் குடிவந்தவர்கள் 60 நாளுக்குள் லைசென்ஸையும் வண்டிப் பதிவையும் மாற்ற வேண்டும். அது தாண்டிப் பல மாதம் ஆகிறது. கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று தெரியாமல் இருப்பது வரியைவிடப் பெரிய ஆபத்து. கேரி வீட்டின் இன்சூரன்ஸும் அப்படித்தான்: சொந்தக் குடியிருப்புக்கான பாலிசியே ஓடிக்கொண்டிருந்தால், வாடகை வீட்டுக்கான பாலிசியாக உடனே மாற்றுங்கள்.

நண்பர் சொன்ன “வரி கம்மி” கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 2025-ல் வட கரோலினா வரி விகிதம் எல்லோருக்கும் ஒரே 4.25 சதவீதம். நியூ ஜெர்சி 1.4 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். கேட்டால் பயமாக இருக்கும். உங்கள் இருவரின் 1,80,000 டாலரை முழு வருடமும் ஒரே மாநிலத்தில் சம்பாதித்ததாக வைத்துக்கொண்டால், வட கரோலினாவில் 25,500 டாலர் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) போக வரி சுமார் 6,566 டாலர். நியூ ஜெர்சியில் மூன்று பேருக்கான விலக்கு போகச் சுமார் 7,200 டாலர். இதற்குமேல், நியூ ஜெர்சியில் வாடகைக்கு இருப்பவர்கள், கட்டும் வாடகையில் 18 சதவீதத்தைச் சொத்து வரி கட்டியதாகக் கணக்கில் எடுத்துக் கழித்துக்கொள்ளலாம் (கட்டடம் உள்ளூர் சொத்து வரி கட்டுவதாக இருக்க வேண்டும்). உங்கள் வாடகைக்கு அது வருடத்துக்கு 6,264 டாலர். அதனால் வரியில் ஏறக்குறைய 400 டாலர் குறையும். ஆக மிஞ்சும் வித்தியாசம் முழு வருடத்துக்கு 235 டாலர் அளவு. இதற்காகவா மாநிலத்தை மாற்றிச் சொல்லி, பொய்யான ரிட்டர்னில் கையெழுத்துப் போடுவது?

உங்கள் சம்பளம்

கடிதத்திலேயே கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான். நீங்களோ வாடகை வீட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறீர்கள்.

கம்பெனி ராலேயில் இருப்பதால் உங்கள் சம்பளம் வட கரோலினா வருமானம் ஆகிவிடாது. அந்த மாநிலத்தில் குடியில்லாத ஒருவரின் சம்பளத்தில், அந்த மண்ணில் இருந்து செய்த வேலைக்கான பகுதிக்கு மட்டுமே வட கரோலினா வரி கேட்க முடியும். ஜூலையிலிருந்து நீங்கள் எடிசனில் உட்கார்ந்து வேலை செய்தீர்கள். அந்த ஆறு மாதச் சம்பளம், 40,000 டாலர், நியூ ஜெர்சிக்கு மட்டும் உரியது. நடுவில் ராலே அலுவலகத்துக்குப் போய் வேலை செய்த நாட்கள் இருந்தால் அந்த நாட்களின் சம்பளம் மட்டும் விதிவிலக்கு. உங்கள் கம்பெனி நியூயார்க்கில் இருந்திருந்தால் கதை வேறு: உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்தால் அதை நியூயார்க்கில் செய்ததாகவே அந்த மாநிலம் எடுத்துக்கொள்ளும். நல்லவேளை, வட கரோலினாவில் அப்படி ஒரு விதி இல்லை.

இப்போது கிரெடிட், அதாவது ஒரு மாநிலத்தில் கட்டிய வரியை இன்னொரு மாநிலத்தின் வரியில் கழித்துக்கொள்வது. “கட்டியாகிவிட்டது” என்கிறீர்கள். கட்டவில்லை, பிடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. நியூ ஜெர்சி கிரெடிட் கொடுப்பது, வேறு மாநிலம் அதே வருமானத்துக்குச் சட்டப்படி விதித்த வரிக்கு. அதாவது அந்த மாநிலத்து ரிட்டர்னில் கணக்குப் போட்டு வரும் தொகைக்கு. கம்பெனி வருடாவருடம் கொடுக்கும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தின் 17-ஆம் கட்டத்தில் இருக்கும் பிடித்தத் தொகைக்கு அல்ல. உங்கள் 40,000 டாலருக்கு வட கரோலினாவில் வரியே இல்லாதபோது கிரெடிட்டும் பூஜ்யம்தான். தவறாகப் பிடித்த சுமார் 1,600 டாலரை வட கரோலினாவிடமிருந்து ரீஃபண்டாகத்தான் வாங்க வேண்டும். நியூ ஜெர்சிக்கு உரியதை அந்த ரீஃபண்டுக்குக் காத்திராமல் கட்டிவிட வேண்டும்.

தொகையைப் பார்த்து மிரள வேண்டாம். பகுதி வருடம் குடியிருப்பவர்கள் நியூ ஜெர்சிக்கு அந்த மாதங்களின் வருமானத்தை மட்டும் காட்டினால் போதும். உங்கள் இருவரின் ஆறு மாதச் சம்பளம் 90,000 டாலருக்கும் சேர்த்து வரி சுமார் 2,100 டாலர்தான். இதில் கணவரின் சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்தது போக மீதியைக் கட்டினால் போதும். குறைவாகப் பிடித்ததற்குக் கொஞ்சம் வட்டி வரலாம்.

நடைமுறைச் சிக்கல் உங்கள் டபிள்யூ-2-வில் இருக்கிறது. 15-ஆம் கட்டத்தில் வட கரோலினா மட்டும், 16-ல் வருடச் சம்பளம் முழுவதும். பாதிச் சம்பளம்தான் அங்கே என்று நீங்கள் ரிட்டர்ன் போட்டால், வட கரோலினா வருவாய்த் துறை “உங்கள் கம்பெனி வேறு மாதிரி சொல்கிறதே” என்று கடிதம் போடும். அதனால் எச்.ஆரிடம் சொல்லித் திருத்திய டபிள்யூ-2 கேளுங்கள். அது தாமதமானால், எந்தத் தேதியிலிருந்து நியூ ஜெர்சியில் இருந்து வேலை செய்கிறீர்கள் என்று கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமாவது வாங்கி வையுங்கள்.

எச்.ஆரிடம் சொன்னால் ரிமோட் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்களோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நியாயமான பயம்தான், நியூ ஜெர்சியில் ஒரு ஊழியர் இருந்தால் கம்பெனி இங்கே பதிவு செய்து, இங்கத்திய பிடித்தங்களையும் செய்ய வேண்டும், சில கம்பெனிகள் அதை விரும்புவதில்லை. ஆனால் மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் கம்பெனிக்கும் சேர்த்துச் சிக்கல் வளர்கிறது. இன்னொன்று: உங்கள் விசா எது என்று நீங்கள் எழுதவில்லை. எச்-4 வேலை அனுமதி அல்லது கிரீன் கார்டு என்றால் வேலை செய்யும் ஊர் பிரச்சினை இல்லை. எச்-1பி என்றால், வேலை செய்யும் இடம் வேறொரு பெருநகரப் பகுதிக்கு மாறும்போது கம்பெனி திருத்திய மனு போட வேண்டும் என்பது 2015-லிருந்து உறுதியான நிலை. அப்படியிருந்தால் எச்.ஆருக்கு முன்னால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். விசாவோ கிரீன் கார்டோ, வீடு மாறிய பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவம் வழியாகக் குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றத்தைத் தெரிவித்திருக்க வேண்டும்; செய்யவில்லை என்றால் இன்றே செய்யுங்கள்.

கேரி வீட்டு வாடகை

“நாங்கள் வசிக்காத மாநிலம் எப்படி எங்களிடம் வரி கேட்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். சிகாகோவில் இருந்துகொண்டு ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கிணறுகள் வைத்திருந்த ஷாஃபர் என்பவர் இதே கேள்வியோடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 1920-ல் தோற்றார். சொத்து எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மாநிலம் அதன் வருமானத்துக்கு வரி போடலாம் என்பது அன்றைக்கே முடிந்த விஷயம்.

ஆகவே 2025-க்கு வட கரோலினாவில் டி-400 படிவம், அதோடு பகுதி வருடக்காரர்களுக்கான ஷெட்யூல் பிஎன். அதில் ஜூன் வரையிலான எல்லா வருமானமும், ஆகஸ்டிலிருந்து வந்த கேரி வாடகைக் கணக்கும் வரும். நியூ ஜெர்சிக்கு என்ஜே-1040. 2026 முதல் வட கரோலினாவில் வெளியூர்க்காரராக வாடகைக்கு மட்டும்.

நஷ்டம் என்றாலும் ஃபைல் செய்யுங்கள். வட கரோலினாவில் வருமானம் வந்து, உங்கள் மொத்த வருமானமும் 25,500 டாலரைத் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும். செலவைக் கழிப்பதற்கு முந்தைய வாடகைதான் இங்கே பார்க்கப்படும். பெரும்பாலும் உங்களுக்கு ஏட்டளவில் நஷ்டம்தான் வரும்: கடன் வட்டி, கவுண்டி சொத்து வரி, வீட்டு உரிமையாளர் சங்கக் கட்டணம், இன்சூரன்ஸ், ரிப்பேர், இவற்றோடு தேய்மானம். நிலத்தின் மதிப்பை நீக்கிவிட்டுக் கட்டடத்தின் மதிப்பை 27.5 ஆண்டுகளுக்குப் பங்கிட வேண்டும். கட்டடம் 2,75,000 டாலர் என்றால் வருடத்துக்கு 10,000. இதை எடுக்காமல் விட்டால் விற்கும்போது தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், எடுத்திருக்க வேண்டிய தேய்மானத்தை விற்பனையின்போது கணக்கில் சேர்த்தே தீருவார்கள்.

அந்த நஷ்டம் உங்கள் சம்பளத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஃபெடரலில் வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியவர்களுக்கு வாடகை நஷ்டத்தை அந்த வருடமே சம்பளத்தில் கழிக்க முடியாது; அது சேர்ந்துகொண்டே போகும், பின்னால் வரும் வாடகை லாபத்திலோ விற்கும் வருடத்திலோ பயன்படும். நியூ ஜெர்சி ஒவ்வொரு வகை வருமானத்தையும் தனித்தனியாகப் பார்க்கும். வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே விடாது. ஃபெடரலின் அந்தக் கட்டுப்பாட்டையும் அது பின்பற்றுவதில்லை. எனவே நியூ ஜெர்சிக்கென்று ஒரு தனி வாடகைக் கணக்கை முதல் வருடத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

லாபம் வந்தால் இரட்டை வரி ஆகுமா? உதாரணமாக 2026-ல், பழைய நஷ்டம் எதுவும் இல்லாமல், 4,000 டாலர் லாபம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வருடம் வட கரோலினா விகிதம் 3.99 சதவீதம், நிலைக் கழிவில் வாடகையின் பங்கு போக அங்கே சுமார் 137 டாலர் வரி. நியூ ஜெர்சியில் இந்த லாபத்தால் கூடும் வரி சுமார் 255 டாலர். அதில் 137-ஐ, வேறு மாநில வரிக்கான கிரெடிட்டைக் கணக்கிடும் என்ஜே-சிஓஜே ஷெட்யூல் வழியாகக் கழித்துக்கொள்ளலாம். மொத்தத்தில் நியூ ஜெர்சி விகிதத்தில் ஒரே ஒரு முறைதான் கட்டுகிறீர்கள், இரண்டு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. இதற்காகத்தான் ஃபெடரல் முதலில், வட கரோலினா அடுத்து, நியூ ஜெர்சி கடைசியில் என்ற வரிசையில் தயாரிக்க வேண்டும். சாஃப்ட்வேரில் நியூ ஜெர்சியை முதலில் முடித்தால் கிரெடிட் கட்டம் காலியாகவே போய்விடும்.

விற்பதானால் ஒரு தேதி

விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் அந்த வீட்டில் குடியிருந்திருந்தால், தம்பதிக்கு ஐந்து லட்சம் டாலர் வரை லாபத்துக்கு ஃபெடரல் வரி இல்லை. இரு மாநிலங்களும் அதை ஏற்றுக்கொள்கின்றன. நீங்கள் வெளியேறியது 2025 ஜூன் கடைசி. ஆகவே 2028 ஜூனுக்குள் பத்திரம் முடிந்தாக வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் சலுகை கை நழுவும். வாடகைக்கு விட்ட காலத்தின் தேய்மான அளவுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. கலிஃபோர்னியா, ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் வெளியூர்க்காரர் விற்றால் கிரயத்தின்போதே ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கின்றன. வட கரோலினா பிடிப்பதில்லை. வாங்குபவர் 15 நாளுக்குள் என்சி-1099என்ஆர்எஸ் படிவத்தில் விற்பனையைத் தெரிவிப்பார். துறைக்குத் தெரிந்துவிடும் என்பதால் அந்த வருட ரிட்டர்னை விட்டுவிட வேண்டாம்.

2026-க்கு இப்போதே ஒன்று செய்யுங்கள். எச்.ஆர் பிடித்தத்தை மாற்றும் வரை உங்கள் சம்பளத்துக்கு நியூ ஜெர்சியில் எதுவும் போவதில்லை. வருடக் கடைசியில் 400 டாலருக்கு மேல் பாக்கி வரும் என்றால் காலாண்டுத் தவணை கட்ட வேண்டும்; முதல் தவணை ஏப்ரல் 15. அல்லது கணவர் தன் கம்பெனியில் என்ஜே-டபிள்யூ4 என்ற வரிப் பிடித்தப் படிவத்தைக் கொடுத்துத் தன் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், தேதி நினைவு வைக்க வேண்டியதில்லை.

தாம்பரம் ஃபிளாட்டை ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். காட்டத்தான் வேண்டும், இரண்டு மாநிலங்களிலும்: ஜூன் வரை வந்த வாடகை வட கரோலினாவில், ஜூலையிலிருந்து வந்தது நியூ ஜெர்சியில். இந்தியாவில் கட்டிய வரிக்கு ஃபெடரலில் கிரெடிட் உண்டு. வட கரோலினாவும், ஃபெடரலில் எடுத்துக்கொண்டது போக மீதி இருந்தால் கொடுக்கும். நியூ ஜெர்சி அமெரிக்க மாநிலங்களில் கட்டிய வரிக்கு மட்டுமே கிரெடிட் கொடுக்கும், இந்திய வரிக்குக் கொடுக்காது. வாடகைக்காரர் அங்கே டிடிஎஸ் பிடித்திருந்தால் அந்தச் சான்றிதழையும், ரூபாயை டாலராக்கிய மாதவாரிக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் வரி ஆலோசகரிடம் போங்கள்.